ஜோடி சேராத இரண்டு பெங்குவின்கள்

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு இளம் விஞ்ஞான ஆசிரியர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். மியூசியம் அறைக்குப் புதுக் கண்ணாடி அலமாரி வந்திருக்கிறதாம். உள்ளே டியூப் லைட் போட்டிருக்கிறார்களாம். பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு அச்சடித்த சீட்டுகளை வைக்கப் போகிறார்களாம். பெங்குவின்களின் காலடியில் இருந்த சீட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, எது ராஜா, எது சக்கரவர்த்தி என்று படம்கூடக் கிடைக்காத அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். காபி ஆறிப்போனதும் ஒருவர், "எழுதியே குடுத்துடுங்க ஐயா" என்று எழுந்துவிட்டார்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெருமை நிறைய இருக்கும். முப்பத்தைந்து வருஷம் செத்த பறவைகளுக்குத் தூசி தட்டியவன் நான். அடக்கமாக எழுதத் தெரிந்தவர்களைக் கேட்டிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நான் திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு சேரியில் பிறந்தவன். பெயர் சின்னப்பன். என் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் ஊரார் நிலத்தில் கூலி, மற்ற நாளில் கிடைத்த வேலை. உங்கள் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு அங்கேயே விஞ்ஞான அறையில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹெட்மாஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஜூன் வரை எனக்குச் சோறு. அவர் பேனாவைத் திறக்கும்வரை நான் மூச்சே விடமாட்டேன்.

கண்ணாடிக் குடுவை கழுவுவது, எலும்புக்கூட்டைத் துடைப்பது, பாடம் செய்த பறவைகளுக்குப் பூச்சி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. தோலுக்கு உள்பக்கம் பாஷாணச் சோப்புத் தடவக் கற்றுக்கொண்டேன். யுத்த வருஷங்களில் அந்தச் சோப்பும் வரவில்லை, கற்பூரமும் கிடைக்கவில்லை. வேப்பிலையைக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய துணியில் முடிந்து, ஒவ்வொரு பறவையின் காலடியிலும் வைத்தேன். மாதம் ஒருமுறை மாற்றினேன். யுத்தம் முடிந்தபோது ஒரு பறவையைக்கூட நான் இழக்கவில்லை. பட்டணத்துப் பெரிய இடங்களில் என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பாருங்கள்.

என் மேலதிகாரி நமசிவாயம் சார். இயற்கை விஞ்ஞானம் நடத்துவார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவரிடம் பெரிசு, சிறிசு, நீளம், குட்டை என்று எதையும் சொல்லிவிட முடியாது. "அளந்தியா?" என்பார். வெயில் அதிகம் என்றால்கூட, "அளந்தியா?" அளந்தேன் என்றால் ஆமாம் என்று சொல்லமாட்டார். "எத்தனை தரம்?" என்பார். பையன்கள் அவருக்குப் பின்னால் நின்று அவர் நிழலை அளப்பதுபோல் நடித்துக் காட்டுவார்கள். அது தெரிந்தும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எதை அளந்தாலும் மூன்று நாள் அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அளந்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, மூடியிட்ட தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். நேற்று எழுதியதை இன்று பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தானாக நேற்றைய கணக்குக்கே போய்விடுமாம். மூன்றாம் நாள் மாலை அவரே டப்பாவைத் திறந்து மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்.

சேர்ந்த முதல் மாதம் மருந்து போட்ட ஒரு காக்கையை மேசைமேல் வைத்து, அலகை அளக்கச் சொன்னார். கவராயத்தின் ஒரு முனையை அலகின் நுனியிலும், மறு முனையை இறகு ஆரம்பிக்கும் இடத்திலும் வைத்து, விரிந்த அளவு மாறாமல் அடிக்கோலில் வைத்துப் படிக்க வேண்டும். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒழுங்காக அளந்தேன். மூன்றாம் நாள் சோம்பல். செத்த காக்கை ராத்திரியில் வளரவா போகிறது என்று, ஞாபகத்தில் இருந்ததை எழுதி டப்பாவில் போட்டுவிட்டேன். சாயங்காலம் சார் மூன்று சீட்டையும் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. "முதல் ரெண்டு நாள் வச்சது மணிக்காக்கா, சின்னப்பா. இன்னிக்கு வச்சிருக்கறது அண்டங்காக்கா" என்றார். திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் கிடந்தது கன்னங்கரேலென்று, தடித்த அலகோடு வேறு காக்கை. நான் அதை ஏறெடுத்தும் பார்த்திருக்கவில்லை. அவர் திட்டவில்லை. ஆனால் ஒரு மாதம் முழுக்கத் தினமும் காலையில் உள்ளே வந்ததும், "காக்கா சௌக்கியமா?" என்று கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம். அதன்பிறகு என் வாழ்நாளில் அளக்காமல் ஒரு எண்ணை நான் எழுதியதில்லை.

பெங்குவின்கள் வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. கடலூரில் ஓர் இங்கிலீஷ் டாக்டர் இருந்தார். வாலிபத்தில் திமிங்கிலம் பிடிக்கிற கப்பலில் வைத்தியராகத் தென்கடலின் கடைசி வரைக்கும் போய்வந்தவராம். வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும்போது வீட்டிலிருந்த பாடம் செய்த ஜந்துக்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு இரண்டு பெங்குவின். அவர் கடிதத்தில் ஒன்று ராஜா பெங்குவின், மற்றது சக்கரவர்த்தி பெங்குவின், பெயர்ச்சீட்டு காலில் கட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

பெட்டி விழுப்புரம் ஜங்ஷன் வரை வந்து நின்றுவிட்டது. என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பெட்டியின் ஒரு பலகை கழன்றிருக்கிறது, சுற்றி ஏழெட்டுப் போர்ட்டர்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாபா இது, வக்கீலு மாதிரி கோட்டு போட்டுக்கினு நிக்குது?" என்றார். பெங்குவின் என்றேன். பறக்குமா என்று கேட்டார். பறக்காது, நீந்தும் என்றேன். அப்புறம் எதற்கு அதற்குப் பறவை என்று பெயர் என்றார். நல்ல கேள்விதான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை கார்டு வண்டியில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டியிலும் மயிலத்திலும் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பெட்டியைப் பிரித்தோம். நான்கு காலிலும் நூல் இருந்தது. சீட்டு இல்லை. ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. டாக்டரோ கப்பல் ஏறிவிட்டார். எங்களிடம் ஒரு ராஜாவும் ஒரு சக்கரவர்த்தியும் இருந்தார்கள், யார் யாரென்று தெரியவில்லை.

சார் சென்னைக்கு எழுதி, ஒரு பெரிய புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தைக் கையால் நகலெடுத்து வரவழைத்தார். படம் கிடையாது. அதில் இருந்ததை இன்றைக்கும் ஒப்பிப்பேன். சக்கரவர்த்தி உருவத்தில் பெரியது, ராஜா நிறத்தில் அழகு. ராஜாவுக்குக் காதுப் பக்கம் இருக்கும் ஆரஞ்சுத் திட்டு கரண்டி மாதிரி, சுற்றிலும் கறுப்பு வளைத்து மூடியிருக்கும். சக்கரவர்த்திக்கு அந்தத் திட்டு வெளிர் மஞ்சள், கீழே மூடாமல் திறந்து நெஞ்சின் வெள்ளையில் கரைந்துவிடும். ராஜாவின் அலகு நீளம். சக்கரவர்த்திக்கு அவ்வளவு பெரிய உடம்புக்கு அலகு குட்டை. சக்கரவர்த்தியின் கால் விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும், பனிமேலேயே நிற்கிற ஜாதி அது. ராஜாவுக்குக் காலில் அவ்வளவு போர்வை இல்லை.

இவ்வளவு தெரிந்தால் சுலபம்தானே என்பீர்கள். எங்களுக்கு வந்தவற்றைப் பார்த்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெயில் பட்டு இரண்டும் துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டி நிறத்தில் இருந்தன. உயரமாவது காட்டிக்கொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. பாடம் செய்தவன் ஒன்றுக்குக் கழுத்தில் கம்பி கொடுத்து இழுத்து, வைக்கோலைத் திணி திணியென்று திணித்து நிமிர்த்தியிருந்தான். மற்றது தோள் தொங்கி, இடுப்பு அமுங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர் மாதிரி குந்தியிருந்தது. அளந்தால் இரண்டுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம்.

ஹெட்மாஸ்டர் ஒருமுறை பார்த்துவிட்டு, நிமிர்ந்து மிடுக்காக நிற்பதுதான் சக்கரவர்த்தி, எழுதி மாட்டிவிடுங்கள் என்றார். ஹெட்மாஸ்டர் போனபிறகு சார் என்னிடம், "வைக்கோல் அடைச்ச எடத்தை வுட்டுடு. எலும்பு இருக்கற எடத்தை அள" என்றார்.

எனக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தோலை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், அமுக்கலாம். அலகை இழுக்க முடியாது. பாதத்தை நீட்ட முடியாது. ஒன்பது நாள் அளந்தேன். அலகுக்கு மூன்று நாள், துடுப்பு இறக்கைக்கு மூன்று நாள், பாதத்துக்கு மூன்று நாள். டப்பாவைத் திறந்தபோது நிமிர்ந்து நின்றதன் அலகு ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. குந்தியிருந்ததன் அலகு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. காலைத் தடவிப் பார்த்தால் குந்தியிருந்ததற்கு விரல் வரை அடர்த்தியாக இறகு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கழுத்துத் திட்டும் மங்கலாக அதையே சொன்னது. குந்தியிருந்த பரிதாபமான ஆசாமிதான் சக்கரவர்த்தி.

ஹெட்மாஸ்டருக்கு மனசே ஆகவில்லை. சக்கரவர்த்தி இப்படியா இருப்பார் என்றார். "நம்ம ரெண்டு பேர்ல யாரும் சக்கரவர்த்தியப் பாத்ததில்லீங்களே" என்றார் சார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீட்டு எழுதி மாட்டினோம்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம் விழுப்புரத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். மாடு, விதை, மல்லாட்டை ரகம் என்று வைப்பார்களே, அதோடு பள்ளிக்கூடங்களின் பொருள்களும் உண்டு. சென்னையிலிருந்து ஒரு கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் எங்கள் மியூசியம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால், அதைக் கவனிக்க நிரந்தரமாக ஒரு ஆள் போடுவதாக நிர்வாகத்தில் பேச்சு. அந்த ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதச் சீட்டுக்கு இனிமேல் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பொருட்காட்சிக்கு முந்தின வாரம் சார் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் திருவாமாத்தூர் போய்விட்டார். அங்கிருந்து நேரே விழுப்புரம் வருவதாகவும், நான் பறவைகளைக் கொண்டுவர வேண்டும் என்றும் ஏற்பாடு.

வெளுத்துப்போன பறவைகளைத் தினமும் போய்ப் போய்ப் பார்த்தேன். இப்படியா பேராசிரியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது? எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு தீட்டும்போது ஏர் கட்டுகிற இரண்டு மாட்டுக்கும் ஒரே வர்ணம்தான் பூசுவார்கள். வேறு வேறு வர்ணம் பூசினால் ஜோடி சேராது, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து நைனாவோடு ஊரார் மாடுகளுக்குக் கொம்பு தீட்டிய கை என் கை. சந்தை நாளில் மியூசியம் பார்க்க வருகிற ஜனங்களும் இதில் புருஷன் எது, பெண்டாட்டி எது என்றுதான் கேட்பார்கள். மஞ்சளை அரைத்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல ஆரஞ்சு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தேன். ராஜாவின் திட்டைத் தீட்டினேன். பிரமாதமாக வந்தது. அதே கையோடு சக்கரவர்த்திக்கும் அதே ஆரஞ்சு, அதே கரண்டி வடிவம், கீழே அழகாகக் கரியால் ஒரு வளைவு. திறந்திருக்க வேண்டிய திட்டை நானே மூடினேன். ஒன்பது நாள் அளந்த மனிதன் செய்கிற வேலையா இது? அப்போது அது தோன்றவே இல்லை. தள்ளி நின்று பார்த்து, நல்ல ஜோடி என்று சந்தோஷப்பட்டேன்.

விழுப்புரத்தில் பந்தலுக்குள் சார் வந்து பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் எழுத முடியாது. "சின்னப்பா, இன்னா பண்ண?" என்றார். சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் சக்கரவர்த்தியைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கரி இன்னும் பரவியது. மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து இறகிலேயே ஊறிவிட்டது, அசையவில்லை. சார் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பேராசிரியர் பதினொரு மணிக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள், தங்க பிரேம் கண்ணாடி. சீமையில் படித்தவர், அங்கே மிருகக் காட்சிசாலையில் ராஜா பெங்குவினை உயிரோடு பார்த்தவராம். எங்கள் மேசைமுன் நின்றதும் முகம் மலர்ந்தது. பிறகு சக்கரவர்த்தியின் சீட்டைப் படித்தார். மலர்ச்சி போய்விட்டது. கழுத்துத் திட்டைக் காட்டி, மூடிய ஆரஞ்சுத் திட்டு ராஜாவின் அடையாளம், இரண்டுக்கும் அதுவேதான் இருக்கிறது, இரண்டும் ராஜாதான் என்றார். இல்லாத சக்கரவர்த்தியைக் காட்டிப் பெயர் வாங்கப் பார்க்கிறீர்களா என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். ஹெட்மாஸ்டர் சாரைப் பார்த்தார். அந்தச் சீட்டை இப்போதே எடுங்கள், எப்படித் தவறு நேர்ந்தது என்று நாளைக்கு எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்றார்.

சார் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மஞ்சள் பூசினது என் அட்டெண்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பெயர் பிழைக்கும். பள்ளிக்கூடத்துச் சாமானைப் பாழாக்கியவன் என்று அந்த இடத்திலேயே என் வேலை போய்விடும். காலம் முழுவதும் கால் அங்குலப் பிழையைக்கூடத் தாங்காத மனிதர், எனக்காகப் பொய்யன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு நின்றார். அவர் கை சீட்டை எடுக்க நீண்டது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். முன்னால் போனேன். மஞ்சள் பூசியது நான்தான், சாருக்குத் தெரியாது, ஊரில் இல்லை என்றேன். ஹெட்மாஸ்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, பேராசிரியரைப் பார்த்து, "ஐயா, நீங்க பாக்கறது பறவைய இல்லீங்க, நான் பூசுன மஞ்சள. கண்ண மூடிக்கினு தொட்டுப் பாருங்க ஐயா" என்றேன்.

என்னைப் போன்ற ஒருவன் ஒரு பேராசிரியரைப் பார்த்துக் கண்ணை மூடு என்று சொல்கிற காலமா அது? அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

கையை வைக்க இடம் தெரியாமல் காற்றில் துழாவினார். அவர் கையை யாராவது பிடித்துத்தான் வைக்க வேண்டும். நான் பிடித்தேன். பக்கத்திலிருந்த ஒருவர் தொண்டையைச் செருமியது கேட்டது. பேராசிரியர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முதலில் ராஜாவின் அலகில் வைத்தேன். அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார். பிறகு சக்கரவர்த்தியின் அலகு. விரல் சீக்கிரமே நுனிக்கு வந்துவிட்டது. திரும்ப அடிக்குப் போனார், திரும்ப வந்தார். "கால்" என்றார். குனிந்து அவர் கையைக் காலில் வைத்தேன். ஒன்றில் விரல் தோலைத் தொட்டது, மற்றதில் இறகுக்குள் புதைந்தது.

அதோடு விடவில்லை அவர். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும். கண்ணைத் திறக்காமலே, எனக்குச் சொல்லாமல் இரண்டையும் இடம் மாற்றி வை என்றார். மாற்றினேன். தொட்டார், சரியாகச் சொன்னார். இன்னொரு முறை என்றார். இந்த முறை மாற்றுவதுபோல் சத்தம் காட்டிவிட்டு மாற்றாமலே விட்டேன். அதையும் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவராயம் கேட்டார். சார் தன் கையாலேயே கொடுத்தார். அளந்தார். எங்கள் சீட்டில் இருந்த அளவே வந்தது.

நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "நான் சொன்னது தப்பு. இது சக்கரவர்த்திதான்" என்றார். ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பி, "மஞ்சள் பூசுனதுக்காக இந்த ஆளை நீங்க வேலையை விட்டு அனுப்பினா, நேரா எங்கிட்ட அனுப்பிடுங்க" என்றார். ஹெட்மாஸ்டர் அப்படியெல்லாம் உத்தேசமே இல்லை என்றார். சார் கர்ச்சீப்பை எடுத்து என்னிடம் கொடுத்து, முகத்தைத் துடைக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து சென்னையிலிருந்து ஒரு கவர் வந்தது. மியூசியத்தைப் பாராட்டி ஒரு கடிதம், அதோடு பேராசிரியர் கையால் எழுதிய இரண்டு சீட்டு. பறவையின் பெயர், கிடைத்த விதம், அதற்குக் கீழே, அளந்தவர் தா. சின்னப்பன். வேலை நிரந்தரமாயிற்று. சக்கரவர்த்தியை ஜன்னலோரம் வெயிலில் வைத்து மஞ்சளைப் போக்கினோம். முக்கால்வாசி போயிற்று. மீதி இன்னும் இருக்கிறது. இளம் ஆசிரியர்களே, அது இயற்கை நிறம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சீட்டுகள் பழுத்து உதிர ஆரம்பித்தபோது, வார்த்தை மாறாமல் நானே நகலெடுத்து வைத்தேன். இப்போது நீங்கள் எடுக்கப் போவது அவற்றைத்தான்.

சீட்டு மாட்டிய அடுத்த சந்தை நாளில் நைனா மியூசியம் பார்க்க வந்தார். அதுவரை நான் எத்தனை முறை கூப்பிட்டும் வந்ததில்லை. அவர் வேலை செய்கிற நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற இடம், அங்கே எனக்கு என்ன வேலை என்பார். அன்று வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக முன்வாசல் வழியாகவே வந்தார். தோளிலிருந்து துண்டை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சந்தைக்கு வந்த ஜனம் பத்திருபது பேர் அலமாரி முன்னால் நின்றிருந்தார்கள். நைனாவுக்கு எழுத்துத் தெரியாது. நம் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த எழுத்துகளின் மேலேயே ஒருதரம் ஓட்டினார். பிறகு ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, "எம்புள்ள அளந்தது இது. தோ நிமிந்து நிக்குது பாரு, இதுதான் சக்கரவர்த்தி. குந்திக்கினு கெடக்கறது ராஜா" என்று கணீரென்று சொன்னார்.

தலைகீழாகச் சொல்லிவிட்டார். அதைவிட, கதவருகில் நமசிவாயம் சார் நின்றுகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் சொன்னதையே ஒத்துக்கொள்ளாதவர். என் நைனா அவரைப் பார்த்ததும் துண்டுக்குக் கை கொண்டுபோனார். சார் இரண்டு எட்டில் உள்ளே வந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நைனா கொஞ்சம் தடுமாறி, "நான் சொன்னது சரிதானுங்களே ஐயா?" என்று கேட்டார்.

சார் பெங்குவின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.